நெஞ்சைத் தட்டும் கைகள்... வென்டிலேட்டரால் செய்ய முடியாத ஒரு வேலை!

"ஏன் தம்பி... மிஷின்ல மூச்சு வாங்கிட்டுக் கெடக்குற புள்ளையப் போட்டு இப்படி அடிக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

ஐ.சி.யு-வில் பார்வை நேரம். மேலே ஒரு கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே வந்த அந்த அம்மாவுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. கட்டிலில் மகள். வாயில் குழாய், தலைமாட்டில் வென்டிலேட்டர். மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விலாவின் மேல் ஒரு துண்டை விரித்து, குவித்த கைகளால் மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட். டப்... டப்... டப்...

"அடிக்கலைம்மா, தட்டுறேன். நெஞ்சுல சளி சேர்ந்திருக்கு. அவங்களால இருமித் துப்ப முடியாதுல்ல... அதான் அவங்களுக்குப் பதிலா நாங்க இருமுறோம்."

மழைக்காலம் வந்துவிட்டால் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இந்தக் காட்சி புதிதல்ல. தரையில் பாய் விரித்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் தீண்டியிருக்கும். கடித்த வலிகூடத் தெரியாது. பல நேரம் பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது என ஆரம்பித்து, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனிகளையே சேதப்படுத்துவதால், விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் நடந்துவிட்ட சேதம் உடனே சரியாகாது. நரம்பு நுனி மறுபடி தழைக்க நாள்கணக்காகும். சிலருக்கு வாரக்கணக்காகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் பெண்ணின் நுரையீரலுக்கு எந்த நோயும் கிடையாது. நேற்றுவரை வயலில் வேலை செய்த, ஆரோக்கியமான நுரையீரல். விஷம் இறங்கினால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போக வேண்டியவர். இடையில் ஆபத்து வருவதென்றால், பெரும்பாலும் சளியும் அதில் குடியேறும் கிருமியும்தான் காரணமாக இருக்கும். கையால் தட்டுவதும், புரட்டிப் படுக்கவைப்பதும், சளியை உறிஞ்சி எடுப்பதும் இங்கே வென்டிலேட்டருக்குச் சமமான வைத்தியம்.

இருமல் என்ற காவல்காரன்

இருமலைத் தொல்லையாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். உண்மையில் அது நுரையீரலின் காவல்காரன். உள்ளே போகும் காற்றை மூக்கு வடிகட்டி, ஈரமாக்கி, உடல் சூட்டுக்குக் கொண்டுவருகிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் உள்ள நுண்மயிர்கள் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தொண்டை வரை வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். அதையும் தாண்டிச் சேர்ந்தால் ஒரு பெருமூச்சு, குரல்வளை ஒரு கணம் மூடல், பிறகு வெடிப்பதுபோல் ஒரு திறப்பு. அதுதான் இருமல்.

வாய்வழியாக டியூப் போட்டதும் இந்த ஏற்பாடு மொத்தமும் கெட்டுப்போகிறது. காற்று மூக்கைத் தொடாமல் நேராக உள்ளே போகிறது. ஈரப்பதம் கொடுக்கும் கருவியை வென்டிலேட்டரோடு இணைத்திருந்தாலும், கொஞ்சம் அசந்தால் சளி காய்ந்து கோந்தாகிவிடும். குரல்வளைக்கு நடுவில் டியூப் நிற்பதால் அதை மூட முடியாது. மூட முடியாவிட்டால் சரியான இருமல் கிடையாது. மயக்க மருந்தோ பாம்பு விஷமோ தசையைத் தளர்த்தியிருந்தால் அந்த அரைகுறை இருமலும் இல்லை.

பெரியவர்களுக்குப் போடும் டியூபின் உள்விட்டம் பெரும்பாலும் 7 முதல் 8 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு சளிக்கட்டி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், மல்லாந்தே கிடப்பது. நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள் இருக்கின்றன. நாள் முழுக்க மல்லாந்து கிடப்பவருக்கு முதுகுப்பக்கம் உள்ள பைகள் அமுங்கி, சுருங்கி, ஈரத் துணிபோல ஒட்டிக்கொள்ளும். வென்டிலேட்டர் தள்ளும் காற்று சுலபமான வழியைத்தான் தேடும். திறந்திருக்கும் பைக்குள்ளேயே மறுபடி மறுபடி போகும். ஒட்டிய பை ஒட்டியபடியே கிடக்கும்.

தட்டுவதற்கு முன்னால் ஒரு பார்வை

பிசியோதெரபிஸ்ட் வந்தவுடன் தட்ட ஆரம்பிப்பதில்லை. ஆரம்பித்தால் அவர் சரியாகப் படித்தவரில்லை. எக்ஸ்ரேயில் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பார்ப்பார். ஸ்டெதாஸ்கோப் வைத்து இரண்டு பக்கமும் கேட்பார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பெரிய குழாயில் சளி இருந்தால் கைக்கு அடியில் கரகரவென்று அதிரும். வென்டிலேட்டர் திரையில் ஓடும் கோட்டையும் கவனிப்பார். வழவழவென்று போக வேண்டிய கோடு ரம்பப் பல்லைப் போல நெளிந்து நெளிந்து போனால், குழாயில் சளி இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, ரத்தத் தட்டணுக்கள் எவ்வளவு, விலா எலும்பு முறிவு உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து போகிறதா... இவ்வளவும் பார்த்த பிறகுதான் கை வைப்பது.

முதலில் செய்வது தட்டுவதும் அல்ல. படுக்கும் நிலையை மாற்றுவது.

பார்ப்பவருக்கு இது ஒரு வைத்தியமாகவே தோன்றாது. ஆனால், இந்த வேலையில் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது. ஒரு பக்க நுரையீரலில் மட்டும் சளி கட்டியிருந்தால், பொதுவாக நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். ரத்தம் தாழ்வான பக்கம் அதிகம் ஓடும். அங்கே இருப்பது நன்றாக வேலை செய்யும் நுரையீரல் என்பதால் ரத்தத்துக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். மேலே இருக்கும் கெட்ட பக்கம் விரிந்து கொடுக்கும். அதில் உள்ள சளி சரிவில் இறங்கும் தண்ணீரைப்போலப் பெரிய குழாயை நோக்கி நகரும். கைக்குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களின் விலாக்கூடு மென்மையானது, காற்று போகும் விதமும் வேறு.

ஒருக்களித்துப் படுக்காத நேரத்தில் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்திருப்பார்கள். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் கசியாமல் இருக்கத்தான் இது. 1999-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், தட்டையாகப் படுத்திருந்த வென்டிலேட்டர் நோயாளிகளில் 34 சதவிகிதம் பேருக்கு நிமோனியா அறிகுறிகள் தென்பட்டன. சாய்வாக உயர்த்தி வைக்கப்பட்டவர்களில் 8 சதவிகிதம்தான். 'பாவம், கழுத்து வலிக்குமே' என்று பாசத்தோடு கட்டிலைத் தாழ்த்திவிடும் உறவினர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

தட்டல், அதிர்வு, பேக்

உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து, மணிக்கட்டைத் தளர்த்தித் தட்டுவதுதான் முறை. சரியாகத் தட்டினால் 'டப் டப்' என்று வெற்றிடச் சத்தம் வரும், வலிக்காது. 'பட் பட்' என்று தட்டையான சத்தம் வந்தால் அது வெறும் அறைதான். முதுகெலும்பு, மார்பகம், விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் இடம், இவற்றின் மேல் தட்டுவதில்லை. அடுத்து அதிர்வு. இரண்டு கைகளையும் விலாவின் மேல் அழுத்தி வைத்து, மூச்சு வெளியேறும் நேரத்தில் மட்டும் நடுக்கம் கொடுப்பார்கள். வென்டிலேட்டரின் தாளத்தைக் காதால் கேட்டபடியே செய்ய வேண்டிய வேலை இது. காற்று உள்ளே போகும்போது அழுத்தினால் பலன் தலைகீழாகிவிடும்.

சளி அடம்பிடித்தால், வென்டிலேட்டரைச் சற்று நேரம் கழற்றிவிட்டு, கையால் அமுக்கும் பையை டியூபில் இணைப்பார்கள். மெதுவாக, ஆழமாக ஒரு மூச்சு உள்ளே. ஓரிரு நொடி நிறுத்தம். ஒட்டிக்கிடக்கும் காற்றுப்பைகள் திறக்க அந்த அவகாசம். பிறகு சட்டென்று பையை விட்டுவிட, காற்று வேகமாக வெளியே பாயும். அது இருமலின் நகல். வென்டிலேட்டரைக் கழற்றாமல் அதன் அளவுகளையே கொஞ்ச நேரத்துக்கு மாற்றியும் இதைச் செய்யலாம். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்து அதற்கு இன்னும் குழாய் போடாதவர், ரத்த அழுத்தம் தள்ளாடுகிறவர், மூளைக்குள் அழுத்தம் கூடியவர் ஆகியோருக்கு இந்தப் பையைத் தொடவே கூடாது.

அந்தப் பைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1952-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை அன்றைய கருவிகளில் வைத்துப் பார்த்தார்கள். முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ஆகஸ்ட் 27 அன்று பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தன் சளியிலேயே மூழ்கிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் செருகி, சளியை உறிஞ்சி எடுத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அதன்பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு, இரவு பகலாக நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். இன்றைய ஐ.சி.யு-வின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். தானாகவே விரிந்துகொள்ளும் 'ஆம்பு பேக்' அதே டென்மார்க்கிலிருந்து 1956-ல் வந்தது. மூச்சு கொடுப்பதும் சளி எடுப்பதும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

கடைசியாக சக்‌ஷன். பெரிய குழாய்க்கு வந்துசேர்ந்த சளியை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சுவது. உறவினர்கள் பார்க்கப் பயப்படுவதும் இதைத்தான். நோயாளியின் முகம் சிவக்கும், உடல் தூக்கிப்போடும், கண்ணில் நீர் வரும். உறிஞ்சும்போது சளியோடு காற்றும் வெளியே போய்விடுவதால், முதலில் சற்று நேரம் முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். ஒரு முறைக்கு 15 விநாடியைத் தாண்டக்கூடாது. குழாயை உள்ளே விடும்போது தன் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. தனக்கு முட்டினால் நோயாளிக்கும் முட்டும் என்ற எளிய கணக்கு. முன்பெல்லாம் சளி இளகட்டும் என்று டியூபுக்குள் சலைன் ஊற்றுவார்கள். அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பதே இப்போதைய அறிவுரை. 'ரெண்டு மணிக்கொரு தடவை சக்‌ஷன்' என்று கடிகாரம் பார்த்துச் செய்வதும் போய், தேவைப்படும்போது செய்வது என்று மாறியிருக்கிறது.

ஆனால், தேவை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சளி டியூட்டி நேரம் பார்ப்பதில்லை. பகலில் வந்துபோகும் பிசியோதெரபிஸ்ட் இரவில் இல்லாத மருத்துவமனைகள் ஏராளம். அந்த நேரத்தில் மொத்தப் பாரமும் ஒன்றிரண்டு நர்ஸ்களின் தலையில்தான் விழுகிறது.

எல்லோருக்கும் தட்டலாமா?

கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால், மேலே சொன்னதெல்லாம் ஆபத்தாகிவிடும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1992 முதல் 1994 வரை, மிகக் குறைமாதத்தில் பிறந்த 13 குழந்தைகளுக்கு அதுவரை அதிகம் கண்டிராத ஒருவகை மூளைச் சேதம் இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில், அந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிக முறை நெஞ்சு பிசியோதெரபி செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. தட்டும்போது பிஞ்சுத் தலை குலுங்கியது காரணமாக இருக்கலாம் என்று அந்த மருத்துவர்களே 1998-ல் எழுதி வெளியிட்டார்கள். அதற்குள் அங்கே அந்த வைத்தியம் நிறுத்தப்பட்டிருந்தது. நல்லது என்று நினைத்துச் செய்ததைத் தாங்களே சந்தேகித்து, ஊருக்குச் சொன்ன அந்த நேர்மையால், உலகம் முழுவதும் குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சில் கை வைப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள்.

பெரியவர்களிலும் விலா எலும்பு முறிந்தவர், எலும்பு தேய்ந்த முதியவர், நுரையீரலில் ரத்தக் கசிவு உள்ளவர், தட்டணு குறைந்தவர், தலையில் அடிபட்டவர் என்று விலக்கு நீள்கிறது. சளியே இல்லாதவருக்குத் தட்டிப் பயனில்லை. எல்லோருக்கும் தினமும் செய்தால் நிமோனியா வராதா என்ற கேள்விக்கும் உறுதியான பதில் இல்லை. 2002-ல் ஆஸ்திரேலியாவில் 60 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், பிசியோதெரபி பெற்றவர்களில் 8 சதவிகிதம் பேருக்கும், பெறாதவர்களில் 39 சதவிகிதம் பேருக்கும் வென்டிலேட்டர் நிமோனியா வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படிச் சொல்லவில்லை. 'யாருக்கு, எப்போது' என்று பார்த்துச் செய்கிறவரின் கையில்தான் இது வைத்தியமாகிறது. யூடியூப் பார்த்துவிட்டு வீட்டில் படுத்திருக்கும் தாத்தாவின் நெஞ்சில் முயற்சி செய்ய வேண்டாம்.

அசைவு விஷயத்திலும் இதே கதைதான். டியூபோடு இருக்கும்போதே நோயாளியைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது, தாங்கிப் பிடித்து நிற்க வைப்பது என்று இப்போது செய்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் 104 பேரிடம் நடந்த ஆய்வில், இப்படிச் சீக்கிரம் அசைக்கப்பட்டவர்களில் 59 சதவிகிதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் நிலையில் மருத்துவமனையை விட்டுப் போனார்கள். மற்றவர்களில் அது 35 சதவிகிதம். நல்லதுதானே, இன்னும் அதிகமாகச் செய்தால்? 2022-ல் 750 பேரிடம் அதையும் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை. இதயத் துடிப்பு தடுமாறுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற தொல்லைகள்தான் கூடின.

கண் மூடியிருந்தாலும் காது கேட்கும்

கட்டுவிரியன் கடித்தவர்களைப் பற்றி வெளியே அதிகம் தெரியாத ஒன்று உண்டு. இமை திறக்காது, விரல் அசையாது, சிலருக்கு வெளிச்சம் பட்டாலும் கண்மணி சுருங்காது. பார்த்தால் மூளையே நின்றுவிட்டதுபோலிருக்கும். ஆனால், உள்ளே முழு நினைவோடு, பக்கத்தில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால்தான் அனுபவப்பட்ட பிசியோதெரபிஸ்ட்கள் 'அக்கா, இப்ப உங்களைப் புரட்டப் போறோம்', 'இப்ப சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் முட்டும், உடனே விட்டுருவேன்' என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார்கள். பதில் வராத ஆளிடம் பேசுவது வெட்டிவேலை மாதிரித் தெரியும். டியூபுக்குள் அடைபட்டுக் கிடப்பவருக்கு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. போன வருஷம் விழுந்து விலா எலும்பு முறிந்தது, பீடிப் பழக்கம், ஆஸ்துமா, 'ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுவார்' என்பது, ஆடும் பல், இவையெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுச் சொல்வது பெரிய உதவி. உள்ளே போகும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது அதைவிடப் பெரிய உதவி. 'இன்னிக்கு பிசியோதெரபி பண்ணாங்களா? சளி எப்படி இருக்கு, நிறம் மாறியிருக்கா?' என்று டாக்டரிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம். வாசலில் நின்று 'சீரியஸா இருக்கா' என்று மட்டும் கேட்பதைவிட உருப்படியான கேள்வி அது.

அன்று கோபப்பட்ட அந்த அம்மா, அடுத்தடுத்த நாள்களில் துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கப் பழகிக்கொண்டார். மகளின் காதருகே குனிந்து, வீட்டில் ஆடு குட்டி போட்டதைச் சொன்னார். ஐந்தாம் நாள் வலது இமை லேசாகத் துடித்தது. பிறகு விரல். பிறகு தலையணையிலிருந்து தலையைத் தூக்கும் அளவுக்குக் கழுத்தில் பலம்.

டியூபை எடுக்கலாமா என்று முடிவெடுக்கும் நாளில் ஒரு சின்னச் சோதனை உண்டு. பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு வெள்ளை அட்டை போதும். வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, டியூபின் வாயிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி அட்டையைப் பிடித்துக்கொண்டு, இருமச் சொல்வார்கள். மூன்று நான்கு முறை இருமியும் அட்டை காய்ந்தே இருந்தால், இன்னும் பலம் வரவில்லை என்று அர்த்தம்.

"அக்கா, நல்லா மூச்சை இழுத்து... இருமுங்க பார்ப்போம்."

முதல் முறை வெறும் காற்று. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை தோள் குலுங்க இருமினார். பிசியோதெரபிஸ்ட் அட்டையைத் திருப்பி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவிடம் காட்டினார். நடுவில் ஈரம்.